பிள்ளையாருக்குச் சுவர், முனியப்பனுக்குத் தார்ப்பாய்

1

இந்த ஆடிக்கு எங்கள் லைனில் முனியப்பனுக்குப் பொங்கல் வைக்கவில்லை. மேச்சேரிப் பக்கமிருந்து போன் போட்ட சொந்தக்காரர்கள், "மைசூரு முனியப்பனுக்கு இந்த வருசம் கிடாயா, கோழியா?" என்று கேட்டார்கள். ஒருவரிடம் மழை என்றேன். இன்னொருவரிடம் முழங்கால் வலி என்றேன். அப்புறம் ஒரு மச்சான் கேட்டபோது சிக்னல் கிடைக்காத மாதிரி "அலோ, அலோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்த வயதில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடிக்க வேண்டி வந்துவிட்டது. நாடகம் நடக்கிற இடத்தில் வேலை பார்ப்பதால் ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

எங்களுக்கு ஆடிப் பொங்கல் சாமிக்காக மட்டும் இல்லை. நானும் என் வீட்டுக்காரி பாப்பாத்தியும் மைசூரில் வந்து இறங்கியதும் ஓர் ஆடி மாதம்தான். பொங்கல் பொங்கும்போது, வந்து இத்தனை வருஷம் ஆச்சு, ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வோம். இந்த வருஷம் அதையும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஏன் என்று, தமிழ் படிக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. கூட வேலை பார்த்த ஒரு கொத்தனார், பூசின சுவர் காய்வதற்குள் கரணையால் அதில் எழுதிக் காட்டித்தான் எனக்குத் தமிழ் எழுத்து வந்தது. அதனால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பாப்பாத்திக்கு எந்த எழுத்தும் தெரியாது. மகன் குமார் கன்னடப் பள்ளியில் படித்தவன், பேசுகிற தமிழிலும் கன்னடம் கலந்துவிடும். அவன் மகள் என்னை "அஜ்ஜா" என்று கூப்பிடுகிறாள். ஆக, நான் இங்கே எழுதுவது எதுவும் என் வீட்டில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். அப்படி ஒரு தைரியம் வருவதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

2

ஊரை விட்டுக் கிளம்பும்போது குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். உங்களுக்குத் தெரியும். ஒரு கைப்பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோய், இருக்கப்போகிற ஊரில் போட்டுக் கல் நட்டால் சாமி அங்கே வந்துவிடும். மேட்டூர், பாலாறு, மாதேஸ்வரன் மலை, கௌதள்ளி, கொள்ளேகால் என்று பஸ் வளைந்து வளைந்து வந்தது. முடிச்சைப் பாப்பாத்திதான் மடியில் வைத்திருந்தாள். மலைப்பாதையில் அவளுக்கு வாந்தி வந்தது. அப்போதும் ஒரு கையால் முடிச்சைப் பிடித்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் சாராயம் கடத்துகிறார்களா என்று ஒவ்வொரு மூட்டையையும் அமுக்கிப் பார்ப்பார்கள். காக்கிச் சட்டைக்காரர் பாப்பாத்தியின் மடியைக் காட்டி ஏதோ அதட்டினார். அவளுக்குக் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, "சாமிங்க" என்றாள். நீட்டின கையை அவர் எடுத்துக்கொண்டார். கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார் என்று பாப்பாத்தி சொல்வாள். அது எனக்கு ஞாபகமில்லை. பயத்தில் நான் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டட வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு பழைய குடோனின் பக்கத்தில் வரிசையாகத் தகர வீடு போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைத்தான் லைன் என்கிறோம். இன்றைக்கு ஓட்டு வீடாகி, சிலது மாடி வீடாகியும், பேர் லைன்தான். குடோன் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு புங்க மரம். அதன் அடியில் மண்ணைப் போட்டு மூன்று கல் நட்டு, ஒரு சூலமும் வைத்தோம். எங்கள் முனியப்பன் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை கிடா, சுருட்டு, சாராயம். சாராயத்தை ஒழித்த பிறகு பிராந்திக்கடையில் வாங்கின குவார்ட்டர். இதைப் பற்றிக் கன்னடக்காரர்கள் யாராவது கேட்டால், பாலும் பழமும் வைப்போம் என்றுதான் குமார் சொல்வான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவனுடைய சேக்காளிகள் வீட்டுச் சாமிகள் சந்தனம் பூசிக்கொள்ளும், சர்க்கரைப் பொங்கல் சாப்பிடும். நம்முடையது சுருட்டுக் குடிக்கிறது என்று அவன் எப்படிச் சொல்வான்?

3

அந்தக் குடோனைத்தான் பின்னால் நாடகக் கொட்டகை ஆக்கினார்கள். மேடையும் படியும் நான் கட்டியவை. மூட்டு போன பிறகு, அதை நடத்துகிற மேடம் சுதா அம்மா என்னைக் கேட்டில் உட்காரவைத்தார். டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விடுவது என் வேலை. இன்னும் என்னை "மேஸ்த்ரி" என்றுதான் கூப்பிடுவார். குமாருக்கு உள்ளே டீ கேன்டீன். மேடையில் குடிகாரன் வேஷம் போடுகிறவர்கள் பாட்டிலில் இருந்து ஊற்றிக் குடிப்பது குமார் போட்ட கறுப்பு டீதான். ஒரு நடிகர் சர்க்கரை கூடிப் போச்சு என்று போதையோடு போதையாக மேடையிலேயே திட்டினார். சனம் கைதட்டியது.

ஆனால் சனம் குறைந்துகொண்டே வந்தது. முன் வரிசையைத் தாண்டி ஆள் இல்லாத நாளும் உண்டு. பெரிய ஊர்களில் நாடகத்துக்கு வருகிறவர்கள் இடைவேளையில் ஒரு கிளாஸ் ஒயினோ பியரோ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார்களாம். பேசினால் திரும்ப வருவார்களாம். "டீயை நம்பி நாடகம் நடத்த முடியாது மேஸ்த்ரி" என்றார் சுதா அம்மா. ஒயின், பியர் விற்க லைசென்ஸ் கிடைக்காவிட்டால் கொட்டகையை மூடிவிட்டு, குடோனாகவே திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார். கிடைத்தால் கவுண்டருக்குக் குமார். மாசச் சம்பளம்.

நாடகக் கொட்டகை என்று சொல்லிக் கேட்டால் அதற்கென்று ஒரு வழி இல்லையாம். சாப்பாட்டு இடம் என்று காட்ட வேண்டும், சமையல் இருக்க வேண்டும், கிளாஸோடு நாற்காலிப் பக்கம் போகக் கூடாது, கேட்டைத் தாண்டக் கூடாது, சின்ன வயசுக்காரர்களுக்குக் கொடுக்கக் கூடாது, காந்தி ஜயந்தி அன்றைக்குத் திறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எதுவும் நூறு மீட்டருக்குள் இருக்கக் கூடாது.

நூறு மீட்டரை எப்படி அளப்பார்கள் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காக்கா பறக்கிற கணக்கு இல்லை, ஆள் நடக்கிற கணக்கு. நம் வாசலில் இருந்து கோயில் வாசலுக்கு மனுசன் நடந்து போகிற வழியில் டேப் பிடிப்பார்கள். கொட்டகைக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு இருந்தது. அது வழியாகப் போனால் பின் தெருப் பிள்ளையார் கோயில் கிட்டத்தில். சுதா அம்மா என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கதவை அடைச்சுடு மேஸ்த்ரி" என்றார். செங்கல் வைத்துப் பூசி அடைத்தேன். இப்போது பிள்ளையாரைப் பார்க்க முன் கேட்டு வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். பிள்ளையார் இருந்த இடத்தில்தான் இருந்தார், ஆனாலும் தூரமாகிப் போய்விட்டார். நல்ல பூச்சு வேலை என்று அம்மா மெச்சினார். நானும் பல்லைக் காட்டினேன்.

முனியப்பனுக்குச் சுவர் வைக்க முடியாது. அவர் முன் கேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்.

4

அதிகாரி வருகிற அன்றைக்குக் காலையில் குமார் ஒரு நீலத் தார்ப்பாயோடு வந்தான்.

"அப்பா, சூலத்தை எடுத்து வச்சுக்கலாம். ஒரே நாளு."

"டேய், சாமிடா."

"யாருப்பா இல்லேன்னாங்க? மூடித்தான வெக்கறோம். ஆபீசர் போனதும் ஆய்த்து, எடுத்துடலாம்."

"உங்கம்மா பார்த்தா?"

"அம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன். நீ சும்னே இரு, அது போதும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நாளைக்குக் கொட்டகைய மூடிட்டா, நீ கேட்டுல உக்காந்து யாரு டிக்கெட்டக் கிழிப்பே? எனக்கு என்ன வயசாச்சுன்னு நெனச்சே? இன்னொரு எடத்துல போயி டீ ஆத்தச் சொல்றியா?"

நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவன் கட்டின முடிச்சு தொளதொளவென்று இருந்தது. சாரம் கட்டிப் பழகின கை, பொறுக்கவில்லை. அவிழ்த்துவிட்டு நானே இறுக்கிக் கட்டினேன். மேலே ரெண்டு சிமெண்ட் மூட்டையைக் குமார் தூக்கி வைத்தான். வேலை நடக்கிற இடம் மாதிரி ஆகிவிட்டது.

அதிகாரி நல்ல மனுசர். அதையும் சொல்லிவிட வேண்டும். கேட்டுக்கு நடுவில் டேப்பின் நுனியை வைத்து என்னையே பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். பிள்ளையார் கோயில் வரைக்கும் சுற்றி அளந்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வெயிலில் திரும்பி வந்தார். மரத்தடி வந்ததும் தார்ப்பாயைப் பார்த்தார்.

"ஏனிது, யஜமானரே?" என்றார். இது என்ன, பெரியவரே என்று அர்த்தம்.

"ஏனூ இல்ல சார். மேஸ்த்ரி சாமான்" என்றேன்.

ஒன்றும் இல்லை என்று சொன்னேன். எத்தனையோ வருஷமாகச் சந்தையில், ஆஸ்பத்திரியில், ரேஷன் கடையில் எனக்குக் கன்னடம் திக்கித் திணறித்தான் வரும். ஆம்பிளையைப் பொம்பிளை ஆக்குவேன், நேற்றை நாளைக்கு ஆக்குவேன், பேத்தி சிரிப்பாள். அன்றைக்கு மட்டும் பிசகில்லாமல் வந்தது.

அவர் "அப்பாடா" என்று அந்தச் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தார். நல்ல நிழல், உட்காரச் சரியான உயரம். செருப்பைக் கழற்றி, காலை நீட்டிக்கொண்டார். குமார் ஓடிப்போய் ஓர் இளநீரைச் சீவிக்கொண்டு வந்தான். ரெண்டு கையாலும் நீட்டினான். எங்கள் பொங்கலில் முதலில் வைப்பதும் இளநீர்தான். அந்த இடத்தில் குனிந்து, ரெண்டு கையாலும்தான் வைப்போம். குமார் அப்படியே குனிந்திருந்ததைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அப்போதுதான் பாப்பாத்தி குடத்தோடு வந்தாள். நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, அந்தாளு எது மேல உக்காந்திருக்கறாருன்னு தெரியுதுங்களா?"

"மெதுவாப் பேசு."

"எந்திரிக்கச் சொல்லுங்க."

"இதோ, முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது? குமாரு, நீயாச்சும் சொல்றா. அவரு தெரியாம உக்காந்துட்டாரு. தெரிஞ்சா அவரே எந்திரிச்சுக்குவாரு."

அம்மா என்ன சொல்கிறார் என்று அதிகாரி கன்னடத்தில் விசாரித்தார். குமார் என்னைப் பார்த்தான். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். "குழாய்ல தண்ணி வரலையாம் சார்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டான்.

"அடடா" என்றார் அவர். உட்கார்ந்த இடத்திலிருந்தே யாருக்கோ போன் போட்டு, இந்த லைனுக்கு ஏன் தண்ணீர் விடவில்லை, ஏழைகள் என்றால் இளக்காரமா என்று சத்தம் போட்டார். பாப்பாத்தியைப் பார்த்து, நாளைக்கு வரும் அம்மா என்று கையைக் காட்டினார்.

மறுநாள் குழாயில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. லைன் முழுக்கக் குடம் குடமாகப் பிடித்தார்கள். பாப்பாத்தி மட்டும் பிடிக்கவில்லை. தெருக்கோடி அடிபம்புக்குப் போய் அடித்துக்கொண்டு வந்தாள்.

5

லைசென்ஸ் வந்தது. குமாருக்குக் கறுப்புக் கோட்டு மாதிரி ஒன்று தைத்துக் கொடுத்தார்கள். அவன் மகள் அதை போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். சனமும் கொஞ்சம் கூடித்தான் வருகிறது, பொய் சொல்லக் கூடாது.

தார்ப்பாயை எடுக்கலாமா என்று குமாரிடம் கேட்டேன்.

"எப்படிப்பா எடுக்கறது? வருசா வருசம் லைசென்ச புதுப்பிக்கணும். நடுவுலயும் சொல்லாம வந்து பார்ப்பாங்களாம். அன்னிக்கு இல்லாத கோயிலு இன்னிக்கு எப்பிடி வந்துச்சுன்னு கேட்டா? சொன்னது நீதான?"

ஆமாம். சொன்னது நான்தான்.

பாப்பாத்தி சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எப்போதும் போலச் சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். குமாரின் வேலையையும் அவள் குறை சொல்லவில்லை. "புள்ளை பொழைக்கட்டும்" என்றுதான் அக்கம்பக்கத்தில் சொன்னாள். ஆனி மாதம் ஒரு நாள் விடிந்ததும் குளித்துவிட்டு, மஞ்சள் துணியோடு வெளியே வந்தாள். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். நேரே புங்க மரத்தடிக்குப் போய், நான் கட்டின முடிச்சில் கையை வைத்தாள். அவளால் அவிழ்க்க முடியவில்லை.

"வந்து அவுத்து உடுங்க" என்றாள்.

போய் அவிழ்த்தேன். ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கல் மேல் மஞ்சள் வெளுத்துப் போயிருந்தது. கல்லடியில் கையை விட்டு ஒரு பிடி மண் எடுத்து முடிந்துகொண்டாள்.

"எங்க கொண்டு போறே?"

"கௌதள்ளிக்கு. தங்கச்சி வீட்டுக் காட்டோரம் எடம் இருக்குது. அங்க நம்ம பேச்சுப் பேசற சனம். யாரும் அளக்க வர மாட்டாங்க."

"கொஞ்ச நாள் பொறு, பாப்பாத்தி. நானும் வர்றேன்."

"நீங்க கேட்டுல இருக்கோணுமில்ல?" என்றாள். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னாள். "இனி நீங்க பயப்பட வேண்டியதில்லீங்க. அங்க ஒண்ணும் இல்லேன்னீங்களே, அது இப்ப நெசமாயிருச்சு. மறுபடியும் மூடிக் கட்டீருங்க."

கட்டினேன். கொள்ளேகால் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, முடிச்சை மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு வந்த அதே வழிதான். சாமி ஊருக்குப் போகவில்லை. வந்த வழியில் பாதி தூரம் திரும்பிப் போய்விட்டார்.

6

ஆடியில் எங்கள் பொங்கல் நாளன்றைக்குக் கொட்டகையில் நாடகம். பாப்பாத்தி கௌதள்ளியிலேயே பொங்கல் வைத்தாள். போனில் உறுமிச் சத்தம் கேட்டது. "வந்திருக்கலாமில்ல?" என்று கேட்டாள். "ஆட்டம் இருக்குது" என்றேன்.

இடைவேளை மணி அடித்தது. சனம் கிளாஸும் கையுமாக உள்வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தது. குமார் கவுண்டரை விட்டு வந்தான். கைக்குட்டைக்குள் ஒரு கிளாஸ். கேட்டுக்கு நேரே வந்தான்.

"வெளிய கொண்டு போகக் கூடாது குமாரு" என்றேன். வேலை அதுதானே.

"தெரியும்ப்பா. நமக்கு இன்னிக்குப் பொங்கல் நாள். கொஞ்சம் ஊத்திட்டு வந்துடறேன். யாரும் பார்க்கல, விடு."

"யாருக்கு ஊத்தப் போறே?"

"என்னப்பா வெளையாடறே? முனியப்பனுக்குத்தான்."

"அவரு அங்க இல்லைடா. உங்கம்மா கூட்டிக்கிட்டுப் போயிட்டா."

அவனுக்கு அது தெரியாது. அம்மா தங்கச்சி வீட்டுக்கு விருந்தாடப் போயிருக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். மரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியா அம்மா?"

"எனக்கும் முன்னாடியே சொல்லல. முடிச்ச அவுக்கத்தான் கூப்பிட்டா."

அந்தக் கறுப்புக் கோட்டில் அவன் சின்னப் பையன் மாதிரி தெரிந்தான். கிளாஸைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, வந்த வழியே உள்ளே போனான். பொங்கலுக்குப் பால்தான் வைப்போம் என்று சொல்லி வளர்ந்தவன், முதல் தடவையாகத் தன் கையால் ஊற்ற வந்திருந்தான். திருப்பி அனுப்பியதும் நான்தான்.

நாடகம் பார்க்க வந்த ஒருவர் போன் பேசிக்கொண்டே கேட்டுக்கு வெளியே போனார். பேசிக்கொண்டே மரத்தடிக்குப் போய், அந்தத் தார்ப்பாய் மேலிருந்த மூட்டையில் உட்கார்ந்தார். நான் எப்படி எழுந்தேன், முழங்கால் எப்படி ஒத்துழைத்தது என்று தெரியவில்லை. கிட்டப் போய்விட்டேன்.

"எந்திரிங்க சார். அங்க உக்காராதீங்க" என்றேன். தமிழில்தான் வந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. பதறி எழுந்து, "சாரி, சாரி" என்றார். போனைக் கீழே இறக்கி, தார்ப்பாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனிது?" என்றார்.

ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டியதுதான். அன்றைக்கு அவ்வளவு லேசாக வந்த வார்த்தை. இன்றைக்கு அது நிஜமும்கூட. வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. உள்ளே மணி அடித்தார்கள். அவர் என் தோளை மெதுவாகத் தொட்டு, "பரவாயில்ல தாத்தா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நாடகம் பார்க்கப் போனார்.